அய்யாவின் நம்பரும் அம்மாவின் பொட்டும்

1989 ஏப்ரல் 18, செவ்வாய்

காலையிலேயே வெயில். கரண்ட் இல்லை, தறி ஆறும் நிற்கிறது. பேண்டேஜ் துணி இரண்டு பேல் நெய்யப் பாக்கி. அது கிடக்கட்டும்.

நேற்று மகள் செல்விக்கு நிச்சயம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து தட்டு மாற்றினார்கள். கல்யாணம் ஆவணியில். தாலித்தட்டை ஆச்சிதான், என் அம்மாதான், எடுக்க வேண்டும் என்று செல்வி சபையிலேயே சொல்லிவிட்டாள். உடனே மாப்பிள்ளையின் அம்மா, "ஆச்சி சுமங்கலிதானா? பட்டாளத்துக்குப் போனவுக என்ன ஆனாகன்னே தெரியாதாம்லா. பிள்ளைக காரியம் பாருங்க, கேட்டு வச்சுக்கிடணும்ல" என்றார்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். கேட்டிருக்கும். வெளியே வரவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "கவர்மெண்டுட்ட எழுதியே வாங்கிட்டு வாரேன் மதினி. பொறவு பேசுவோம்" என்றேன். சம்பந்தியம்மா என்று முழுசாக எழுதவே மனம் வரவில்லை. இனி ச.அ.

என் வீட்டுக்காரர் கேட்டார், "எதுக்கு இம்புட்டு வேகம்? இறந்துட்டாருன்னு பதில் வந்தா?" வராது. அய்யா எங்கேயோ வடக்கே ஒரு குடும்பத்தோடு பேரன் பேத்தி எடுத்து உட்கார்ந்திருக்கிறார். நான் பிறந்ததிலிருந்து எனக்குள் இருக்கும் முடிவு இது. நல்ல மனுஷர் என்றால் வந்திருப்பார்.

ஏப்ரல் 23

அய்யாவைப் பற்றித் தெரிந்தது:
பெயர் முத்துக்கருப்பன். ஊர் மகாராஜபுரம்.
ஜப்பான் சண்டை நேரம், ஸ்ரீவி.யில் ஆள் எடுத்தபோது சேர்ந்தது. அப்போது நான் அம்மா வயிற்றில்.
நல்ல உயரம். தேங்காய் என்றால் உயிர்.
அவ்வளவுதான். போட்டோ கிடையாது. ஆர்மி நம்பர் இல்லாமல் எழுதிப் பிரயோசனம் இல்லையாம். அம்மாவிடம் கேட்டால், "எனக்கென்னட்டி தெரியும்" என்று கொடியில் துணி எடுக்கப் போய்விடுகிறாள். காயாத துணி.

மே 9

வ. புதுப்பட்டி போய் வந்தேன். பஸ்ஸில் நின்றே போனது, கால் வலி. அய்யாவோடு ஒரே நாளில் சேர்ந்தவர் அங்கே ஒருவர் இருக்கிறார், பரமசிவம் மாமா. காது மந்தம், நினைவு கத்தி மாதிரி. ட்ரெயினிங் முடிந்ததும் இவரை ஒரு பக்கம், அய்யாவை ஒரு பக்கம் அனுப்பிவிட்டார்களாம்.

நம்பர் கேட்டேன். சிரித்தார். "என் நம்பரைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். வரிசையில எனக்கு அடுத்தாப்புல நின்னது ஒங்கய்யாதேன். கூட ஒண்ணு கூட்டிக்கோ."

அங்கேயே கையில் எழுதிக்கொண்டேன். இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள். போய்க் கேட்டால் கிடைக்கிற விஷயம்.

மே 10

முன்னாள் ராணுவத்தினர் ஆபீஸ். கிளார்க், "பழைய கேஸும்மா, ஆகாது" என்றார். "ஆகும். நீங்க அனுப்புங்க" என்றேன். அனுப்பினார். தண்ணீர் கூடக் கொடுத்தார்.

ஜூலை 28

பதில் இல்லை. சாரல் காற்று, பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. முகூர்த்தப் புடவைக்கு ஸ்ரீவி. போனேன். தேர்த் திருவிழா வருகிறது, கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்திலும் ச.அ. கண்ணில் பட்டார். "தாள் வந்துச்சா மதினி?" வரும் என்றேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

வந்துவிட்டது. இங்கிலீஷ். மூன்று தடவை படித்தேன்.

சிப்பாய் முத்துக்கருப்பன். அசாமில் ராணுவ ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறப்பு. 1944. மனைவிக்கு அனுப்பிய தந்தி, அந்த விலாசத்தில் அப்படி ஆள் இல்லை என்று திரும்பியது.

எனக்கு ஒரு வயதுகூட ஆகியிருக்காது. வேறு குடும்பமும் இல்லை, மண்ணும் இல்லை. இத்தனை வருஷம் என் வாயில் எத்தனை ஏச்சு வாங்கினார். ஐயோ அய்யா.

ஆகஸ்ட் 26

ராத்திரி தூக்கம் இல்லை. அந்தத் தபால்காரரை விடக்கூடாது என்று புகார் எழுத உட்கார்ந்தேன். உயிரோடு இருக்கிறாரோ என்னவோ, எழுதுவது எழுதுவதுதான். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இறப்பைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு தந்தியைக் கொடுக்காமலே திருப்பியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"தபால்காரர் மேல பழி போடாத. அப்படி ஆளு இங்க இல்லேன்னு சொன்னது நாந்தேன்."

கை நிற்கவில்லை, உரித்துக்கொண்டே சொன்னாள். "நீ இடுப்புல இருந்த. தந்தின்னா என்னன்னு தெரியாதா? எங்க அத்தைய மூலையில உக்கார வச்சு என்ன பாடு படுத்துனாகன்னு பாத்தவ நானு. வாங்குனாத்தான படிப்பாக. படிச்சாத்தான பொட்ட அழிப்பாக."

"அப்போ ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுட்டி. மேல குண்டு பட்டிருக்கும், பொழைச்சு வருவாகன்னும் நெனச்சேன். ரொம்ப வருசம் பஸ் சத்தம் கேட்டா வாசலுக்குப் போவேன்." பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "இப்பப் படிக்காத. பிள்ளைக்குக் கல்யாணம் முடியட்டும்."

புகாரைக் கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாம்பாரில் உப்புக் கம்மி, வேறு குறை இல்லை. முகூர்த்தத்துக்கு முன்னால் ச.அ. காதோரம் வந்தார். "தாள் என்னாச்சு?" "வந்துருச்சு மதினி. அம்மாதேன் தட்டெடுக்கப் போறாக." கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அம்மா தட்டோடு மண்டபம் முழுக்கச் சுற்றி வந்தாள். ச.அ.வும் தொட்டுக் கும்பிட்டார்.

செப்டம்பர் 11

பாத்திரங்களைத் திருப்பி அனுப்பியாயிற்று. மத்தியானம் அம்மா, "எங்கட்டி அந்தத் தாளு? வாசி" என்றாள்.

தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். ஆஸ்பத்திரி என்றதும், "கூட யாரும் இருந்தாகளா?" என்றாள். அதில் போடவில்லை என்றேன். அம்மா எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினாள். பொட்டு போய்விட்டது. பிறந்ததிலிருந்து அந்த நெற்றியை வெறுமையாகப் பார்த்ததில்லை நான். அழுதுவிட்டேன்.

அம்மா துடைத்துவிட்டு வந்து, குங்குமச் சிமிழை எடுத்து, அதே அகலத்துக்கு வைத்தாள்.

"இது தந்தி வந்த அன்னையிலருந்து நானா வச்சுக்கிட்டது. அவுக செத்த திதிக்கு இனி இலை போடணும். தேங்கா நெறைய வச்சு. எந்த மாசம்னு பாத்துச் சொல்லு."

நாளை மறுவீடு. ச.அ.வும் வருகிறார். ஆரத்தி அம்மாதான் எடுப்பாள். தட்டை நானே அவள் கையில் கொடுப்பேன்.