மூன்று பல் தள்ளி ஒரு பொட்டு

புரட்டாசி 14, செவ்வாய்

காலையில் தூறல். கொல்லிமலை பாதி மேகத்துக்குள். பட்டறைக் கூரை ஒழுகும் இடத்தில் பக்கெட். நாளைப் பூஜைக்குத் தரை கழுவ என் சம்சாரம் சரசு அந்த பக்கெட்டைத்தான் கேட்கிறாள். மழை நின்றால் தருகிறேன் என்றேன். முறைத்துவிட்டுப் போனாள்.

வேலை: சலீம் பாய் கார், டைமிங் பெல்ட். பாய் கேட்டு வந்த வேலை இல்லை. ஆயில் மாற்ற விட்டவரிடம் மூடியைக் கழற்றி நான்தான் காட்டினேன். பெல்ட் முதுகெல்லாம் வெடிப்பு.

"ஓட்டத்துல அறுந்துதுன்னா மேல இருந்து எறங்கற வால்வும் கீழ இருந்து ஏறற பிஸ்டனும் முட்டிக்கும் பாய். எஞ்சின் போச்சு. அக்காவ வெச்சுக்கிட்டு நடு ரோட்ல நிக்கப் போறீங்களா?"

பாய் முகம் சுருங்கிவிட்டது. "அய்யோ, வேண்டாங்க. மாத்திருங்க கந்தசாமிண்ணா."

அக்கா என்றால் ஜைனப் அக்கா. பாய்க்குக் கூடப் பிறந்தது அது ஒன்றுதான். அயோத்தியாப்பட்டணத்தில் மகன் வீட்டில் இருக்கிறது. வயிற்றில் கட்டி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதற்கு ஒரே ஆசை. பிறந்த வீட்டில், இங்கே சேந்தமங்கலத்தில், பாய் கூடவே இருந்து கண்ணை மூட வேண்டும். வியாழன் சாயங்காலம் பாய் போய்க் கூட்டி வருவதாகப் பேச்சு. பாய் சம்சாரம் பின் சீட்டில் இப்போதே தலையணை வைத்து அனுப்பியிருக்கிறது. வெள்ளை உறை. கிரீஸ் படாமல் பாலிதீன் பைக்குள் போட்டு அங்கேயே வைத்தேன்.

பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் மேல் சக்கரத்தில் ஒரு பல்லுக்குச் சிவப்புப் பொட்டு. மருமகளின் நெயில் பாலிஷ். புது பெல்ட் மாட்டும்போது அந்தப் பொட்டு பழைய இடத்துக்கே நேராக வந்து நிற்க வேண்டும். கம்பெனிக்காரனும் ஒரு கோடு கிழித்துத்தான் அனுப்புகிறான், அது அழுக்குக்குள் கிடக்கும். நான் நம்புவது என் பொட்டைத்தான். முன்னே சாக்பீஸ்தான் போடுவேன். ஒரு தடவை முட்டை வண்டி ஒன்று வேலைக்கு வந்தது. அதில் எப்படியோ ஒரு கோழியும் வந்துவிட்டது. முட்டைக்கு முன்னாலேயே கோழி ஏறிவிட்டதா என்று டிரைவரைக் கேட்டு ஒரே சிரிப்பு. சிரித்து முடித்துப் பார்த்தால் கோழி என் சாக்பீஸ் கோட்டின் மேல் எச்சம் போட்டு வைத்திருக்கிறது. கழுவினேன். கோடும் போய்விட்டது. அன்றிலிருந்து நெயில் பாலிஷ்.

பெல்ட் சாயங்காலம் சேலம் பஸ்ஸில் வந்தது. கூட வர வேண்டிய, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பேரிங் வரவில்லை. போன் போட்டால், "நாளைக்கு மொத பஸ்ல போட்டு உட்டறங்க." சரி. எஞ்சின் திறந்தபடியே கிடக்கட்டும்.

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூஜை. மழை இல்லை. பேரிங் வந்தது. பிரிக்கவில்லை. பூஜையில் வைத்த ஸ்பேனரை மறுநாள் வரை தொடக்கூடாது.

வாழை இலையில் வரிசை: ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல், கிரீஸ் கன், உடைந்த டெஸ்டர் (அதுவும் உழைத்ததுதானே). ஒவ்வொன்றுக்கும் சரசு சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம்.

"ஏனுங்க, தொறந்து கெடக்கற இந்த எஞ்சினுக்கும் வெக்கட்டுமா?"

"வெய்யி. அதுக்குத்தான் மொதல்ல வெக்கோணும்."

பாய் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். வருஷா வருஷம் அப்படித்தான். பூஜை முடிந்ததும், "எனக்கும் ஒரு பொட்டு வெச்சு உடு தங்கச்சி, ஸ்டார்ட் ஆகறனான்னு பாக்கலாம்" என்றார்.

"உங்களுக்கு பேட்டரியே எறங்கிப் போச்சுங்க பாய்" என்றேன்.

நன்றாகச் சிரித்தார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா மவன் போன் பண்ணுனான். அக்கா கஞ்சி கூட எறக்க மாட்டேங்குதாம். வேற வண்டி ஒண்ணு சொல்லி இன்னைக்கே போயிறட்டுங்களா?"

"எதுக்குங்க பாய்? நாளைக்கு மத்தியானம் சாவி உங்க கையில. நாஞ் சொல்றேன்ல."

"நீங்க சொன்னாச் சரிங்க." பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார்.

பூசணிக்காய் உடைத்தது ரோட்டில் அப்படியே கிடந்தது. ஒரு மொபெட்காரன் வழுக்கப் பார்த்தான். நான்தான் போய்க் கூட்டித் தள்ளினேன்.

புரட்டாசி 16, வியாழன்

விஜயதசமி. வெயில். இன்று தொட்ட வேலை வருஷம் முழுக்க நடக்கும் என்பார்கள். ராகு காலம் 1.30. அதற்குள் எஞ்சின் ஓடிவிட வேண்டும் என்று கணக்கு.

பேரிங், பெல்ட். சிவப்புப் பொட்டுக்கு நேர் பார்த்து மேல் சக்கரத்தைத் திருப்பினேன். கொஞ்சம் இறுக்கம். இரண்டு நாள் சும்மா கிடந்த எஞ்சின், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பெல்ட்டைக் கட்டி, மூடியைப் போட்டு, டயரையும் மாட்டியாயிற்று. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பெல்ட் கட்டினால் சாவி போடும் முன், கீழ் சக்கரத்தில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். முட்டினால் கைக்குத் தெரிந்துவிடும். முப்பது வருஷமாகச் செய்வது. மணி 1.20. மறுபடி டயரைக் கழற்றினால் ராகு காலம் வந்துவிடும்.

சாவியைத் திருப்பினேன்.

ஸ்டார்டர் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. சத்தம் வேறு மாதிரி. கனமே இல்லாமல் வெறும் ராட்டினம் சுற்றுகிற மாதிரி. முதல் சுற்றில் மட்டும் 'டக்' என்று ஒன்று. காது கேட்டது. கேட்டதாக நான் வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு பாய். புதுச் சட்டை.

"டீசல் லைன்ல காத்துப் புடிச்சிருக்குங்க. சாயங்காலம் ரெடி."

தையல்காரன், தட்டான், மெக்கானிக், மூன்று பேருக்கும் ஒரே சாயங்காலம்தான். அது எந்தக் கிழமை என்று யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் வந்தார். "காலைல" என்றேன். பாய் அங்கேயே நின்று அக்கா மகனுக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று தெரியாது. பாய் சொன்னது மட்டும் கேட்டது: "அக்கா காதுல சொல்லு. தம்பி நாளைக்கு வாரேன்னு சொல்லு."

புரட்டாசி 17, வெள்ளி

புழுக்கம்.

பார்த்தது:
பேட்டரி. நல்லா இருக்கு.
பியூஸ் எல்லாம். நல்லா இருக்கு.
டீசல் வருதா. வருது. பில்டரும் சுத்தம்.
காற்று எடுத்தாச்சு, இரண்டு தடவை.
சாவி விளக்கு. எரிஞ்சு அணையுது.

இனி பார்க்க ஒன்றுதான் பாக்கி. அதைத்தான் காலையிலிருந்து பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். கொளப்பநாயக்கன்பட்டியில் எனக்குத் தெரிந்து ஒருவர், கிணறு தவிர எல்லா இடத்திலும் காணாமல் போன ஆட்டைத் தேடினார். கிணற்றில் இருந்தால் செத்திருக்கும் அல்லவா, அதனால்.

பன்னிரண்டு மணிக்கு மூடியைக் கழற்றினேன். டார்ச் அடித்தேன். நேற்று நான் நேர் பார்த்துப் பெல்ட் கட்டிய சிவப்பு, குங்குமம். என் பொட்டு இல்லை. சரசு வைத்த சந்தனம் காய்ந்து என் நெயில் பாலிஷை மூடிக் கிடக்கிறது. குங்குமம் எண்ணெயில் ஊறி, மூன்று பல் தள்ளி வழிந்து, அங்கே ஒரு பொட்டாக நிற்கிறது. சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். என் பொட்டு அடியில் பளபளவென்று இருந்தது.

தொழுகை முடிந்து நேரே வந்துவிட்டார் பாய். தலையில் தொப்பி.

"என்னான்னு தெரிஞ்சுதுங்களா?"

"பம்புல கோளாறுங்க."

"இன்னைக்கு ஆயிருங்களா? இல்ல வேற வண்டி…"

"சாயங்காலம் பாக்கலாங்க பாய்."

எதற்கு அப்படிச் சொன்னேன்? பெல்ட்டைச் சரியாகக் கட்டினால் ஓடிவிடும், யாருக்கும் தெரியாது என்று ஒரு நப்பாசை. பெல்ட்டை என் பொட்டுக்கு மாற்றிக் கட்டினேன். இந்தத் தடவை கையால் இரண்டு சுற்று. முட்டவில்லை. சாவி போட்டேன். அதே ராட்டினம்.

சிலிண்டருக்கு மேலே இருக்கும் ஹீட்டர் பிளக் நாலையும் கழற்றினேன். சரசு சாவி போட, நான் ஒவ்வொரு ஓட்டையிலும் கட்டை விரலை வைத்தேன். நல்ல எஞ்சின் என்றால் காற்று விரலைத் தூக்கி எறியும். ஒன்றில்தான் எறிந்தது. மற்ற மூன்றிலும் மூச்சே இல்லை. வால்வு வளைந்துவிட்டது. எஞ்சின் தலையை, அந்த ஹெட்டை, கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு வாரம்.

மணி நாலரை. அப்போதே போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். பாய் ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"காலைல பாக்கலாங்க" என்றேன்.

புரட்டாசி 18, சனி

ஆறரைக்கு பாய் போன். "அக்கா போயிருச்சுங்க. வெடியால."

அப்புறம், "வண்டி ஆயிருச்சுங்களா?"

"இல்லீங்க பாய்."

"சரிங்க. வேற வண்டியில போயிக்கறேன்."

நான் பஸ்ஸில் போனேன். ராசிபுரம், சேலம், அங்கிருந்து டவுன் பஸ். பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆள் வழியெல்லாம் மரவள்ளிக்கிழங்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். எல்லாவற்றுக்கும் ஆமாங்க என்றேன்.

அயோத்தியாப்பட்டணத்தில் சந்து முழுக்க ஆட்கள். சேந்தமங்கலத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யலாமா என்று பாய் கேட்டிருக்கிறார். பெரியவர் ஒருவர், "உசுரோட போவ முடியல. இனி எதுக்குப்பா அலைக்கழிக்கணும்" என்றாராம். மத்தியானத் தொழுகைக்குப் பின் அங்கேயே அடக்கம்.

பாய் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்களிடம், "நம்ம மெக்கானிக்கு. என் வண்டிய இவரத் தவிர ஒருத்தரும் தொட்டதில்ல. பாவம், மூணு நாளா தூங்காம கெடக்கறாரு" என்றார்.

அக்கா மகன் டீ கொண்டுவந்து கொடுத்தான். அவனாகவே சொன்னான். "ரெண்டு நாளா வாசல்ல எந்த வண்டி நின்னாலும், தம்பி வண்டியா பாருன்னே கேட்டுச்சுங்க."

டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

புரட்டாசி 19, ஞாயிறு

ஹெட் கழற்றும் வேலை. போல்ட் ஒன்று சுற்றிக்கொள்கிறது. சரசு பக்கத்தில் வந்து நின்றாள். காய்ந்த சந்தனத்தைப் பார்த்திருக்கிறாள்.

"ஏனுங்க. நான் வெச்ச பொட்டுனாலதானுங்களா?"

ஸ்பேனர் கேட்டேன், பதினேழாம் நம்பர். எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். போகவிட்டேன்.

புரட்டாசி 22, புதன்

சேலம், லேத். ஒரே கூட்டம். லேத்காரர் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தார். எட்டில் ஐந்து நொண்டி நொண்டி உருண்டன.

"பெல்ட்ட எந்தக் குருடன் கட்டுனது?"

"தெரியலீங்க. வேற எங்கியோ கட்டிக்கிட்டு வந்தாங்க."

"கையில சுத்திப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. தொழில் தெரியாதவனெல்லாம் பட்டறை வெச்சுக்கறான்."

"ஆமாங்க" என்றேன்.

வளைந்த ஐந்தையும் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

புரட்டாசி 26, ஞாயிறு

மேகம் இல்லை. மலை முழுசாகத் தெரிகிறது.

எஞ்சின் பூட்டியாயிற்று. கையால் சுற்றினேன். இரண்டு இல்லை, பத்துச் சுற்று. சாவி. முதல் திருப்பலிலேயே பிடித்துக்கொண்டது. இவ்வளவு நல்ல சத்தம் அந்த வண்டியில் நான் கேட்டதே இல்லை.

சரசுவைக் கூப்பிட்டேன். "பொட்டு மேல ஒண்ணுந் தப்பில்ல. சாவி போடறதுக்கு முன்னால கையில சுத்திப் பாக்கோணும். பாக்காம போட்டுட்டேன். நாந்தான்."

"இத ஒரு வாரங் கழிச்சுச் சொல்றீங்களா?" என்றாள்.

பாய் பதினோரு மணிக்கு வந்தார். தாடி வளர்ந்திருக்கிறது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டார். "பம்பு புதுசுங்களா?"

"பம்பு இல்லீங்க பாய்."

பேப்பரைப் பிரித்து வால்வுகளை அவர் மடியில் வைத்தேன். எல்லாம் சொன்னேன். பொட்டு, ராகு காலம், 1.20, வெள்ளிக்கிழமை டார்ச், கட்டை விரல். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வளைந்த வால்வு ஒன்றை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டி கெட்டதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. இரும்பு, கெடும்." அப்புறம், "வெள்ளிக்கெழம நாலரைக்கே உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுங்க."

"ஆறு மணிக்கு நான் கூப்புட்டப்ப?"

"தெரியுங்க பாய்."

"அப்ப சொல்லியிருந்தாக்கூட வேற வண்டியில போயிருப்பேன். ஒரு ராத்திரியாச்சும் நம்மூட்டுல படுத்திருக்கும்."

வால்வுகளை மறுபடி பேப்பரில் மடித்து என் கையில் கொடுத்தார். கதவைச் சாத்தினார். வாரேன் என்று சொல்லவில்லை. சொல்லாமல் அவர் போனது இதுதான் முதல் தடவை.

பின் கண்ணாடியில் தலையணை தெரிந்தது. பாலிதீன் பையை நான் எடுக்க மறந்துவிட்டேன். பாய் வீடு இடது பக்கம். வண்டி முக்கில் நின்றது, கொஞ்ச நேரம் நின்றது. வலது பக்கம், அயோத்தியாப்பட்டணம் போகும் சேலம் ரோட்டில் திரும்பியது.