பங்குனியில் வெட்ட வேண்டிய செடி

லா ஷப்பல், பாரிஸ்
தை மாதம்

அன்பின் அத்தானுக்கு,

நானும் அக்‌ஷராவும் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் தங்கச்சி சொல்லித்தான் அறிகிறேன். முற்றத்துச் செடி என்று நான் வாயெடுத்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வாசித்துத்தான் ஆகவேண்டும்.

போன வருட மார்கழியில், நீங்கள் எங்களிடம் வந்து சேர்ந்த முதல் குளிரில், கட்டடத்தாருக்குப் பொதுவான முற்றத்து மூலையில் இலையில்லாமல் நின்ற செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினீர்கள். பட்ட மரம் வாசலிலை நிண்டால் வீட்டுக்கு ஆகாது என்றீர்கள். வன்னியில் இலை கொட்டி மொட்டையாக நின்றால் அது பட்ட மரம்தான். இங்கே உயிருள்ள மரங்களும் குளிருக்கு அப்படித்தான் நிற்கும் என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே. கட்டடக் கூட்டத்தில் மற்ற வீட்டுக்காரர் செடியை வெட்டியதற்கு ஏசியதையெல்லாம் அக்‌ஷராதான் தமிழில் உங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. பிள்ளையின் வாயால் கேட்டதுதான் உங்களைச் சுட்டது. பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்கு என்று ஊருக்குப் போனவர், இன்னும் வரவில்லை.

இப்போது கேளுங்கள். அந்தக் கட்டை சித்திரையில் துளிர்த்தது. இந்த மார்கழியில் இலை கொட்டியதும் பார்த்தால், தண்டெல்லாம் குங்குமச் சிவப்பு! இரண்டாம் மாடிப் புதுச்சேரி அம்மா மரி-லூயிஸ் சன்னலால் எட்டிப் பார்த்து, யாரோ தொழில் தெரிஞ்சவங்கதான் வெட்டியிருக்காங்க என்றார். நீங்கள்தான் என்று சொன்னேன். இந்தச் செடி வெட்டினால்தான் சிவக்குமாம். வெட்டாமல் விட்டதால்தான் இத்தனை வருடமும் மண்ணிறத்தில் நின்றதாம்.

அதற்குப் பிறகு சும்மா இருப்பேனா? மற்ற மூலைகளுக்கும் செடி தெரிந்தெடுக்கிற பொறுப்பைக் கேட்டு வாங்கினேன். எல்லோரும் ரோசா, ரோசா என்றார்கள். வெயில் காலத்தில் எதை நட்டாலும் வடிவுதான், அப்போது யார் வீட்டுக்குள் இருக்கப்போகிறார்கள், கோயில் தேரோடு தெருவிலல்லவா நிற்போம் என்றேன். குளிரில்தான் எங்களுக்கு இந்தச் சன்னலே கதி. அதனால் குளிரில் எது கண்ணுக்கு நிறையுமோ அதுதான் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

ஒபர்வில்லிக்கு அப்பால் உள்ள செடிக்கடையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வெள்ளைப் பட்டை உரியும், இங்கே பூலோ என்கிற மரம் ஒன்று, பின்னேர வெளிச்சம் விழுகிற சுவரோடு. வாசலருகே ஒரு செடி, இந்தக் குளிரிலும் மஞ்சள் நூலைக் கிள்ளி ஒட்டியதுபோலப் பூக்கிறது, கதவைத் திறந்தால் வாசம். சிவப்புத் தண்டுக்குப் பின்னால் கரும்பச்சையாய் எதுவும் இல்லாவிட்டால் சிவப்பு எடுக்காது, சேலைக்குக் கரை பார்ப்பது மாதிரித்தான். அதற்கு இலை கொட்டாத, முள் இலைச் செடி. அது தனியே நின்றால் சிவப்புக் காய் பிடிக்காதாம். ஆண் செடியும் பெண் செடியும் பக்கத்தில் வேண்டுமாம். மரி-லூயிஸ் அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. இரண்டாகவே வாங்கி நட்டேன்.

நீங்கள் சாய்ந்திருக்கும் கதிரை சன்னலோரத்தில் அப்படியே இருக்கிறது. அதில் இருந்து பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்தேன். போன வருடம் அதில் இருந்துகொண்டு, இஞ்சை எல்லாம் செத்துக் கிடக்குது என்றீர்களே, அது இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

நேற்றுக் கூட்டத்தில், பங்குனியில் சிவப்புச் செடியை யார் வெட்டுவது என்று கேட்டார்கள். வெட்டாவிட்டால் அடுத்த குளிருக்கு நிறம் மங்கிவிடும். என்ரை மனிசன் வருவார், அவர்தான் வெட்டுவார் என்றேன். கேட்காமலே அக்‌ஷரா எழும்பி நின்று அதைப் பிரெஞ்சில் எல்லோருக்கும் சொன்னாள். அப்பா என்று சொல்லும்போது குரலை உயர்த்திச் சொன்னாள்.

உங்கள் கத்திக்கு எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். வேறு ஒருவரையும் தொட விடமாட்டேன்.

நாகதம்பிரான் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பிள்ளை சபையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கோ.

உங்கள் வரவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
ரதிதேவி