யார் தொட்டாலும் வலிக்கும்

பாப்பா அப்பாவுக்கு,

போன்ல பேசினா அத்தை காதுல விழும். அதான் குவைத்துக்குத் திரும்புற பெலிக்ஸ் அண்ணன் கையில இதைக் குடுத்துவிடுறேன்.

மூணு வருசமா உடம்பு வலிக்குதுன்னு ராஜபாளையத்துல பார்த்த டாக்டருங்க எல்லாம் ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லைன்னாங்க. நான் வேலை பார்க்கிற பேண்டேஜ் கம்பெனியில சோம்பேறின்னாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாதான் என்னை நம்பி மதுரைக்கு லெட்டர் எழுதிக் குடுத்தாங்க.

அங்க பெரிய டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமா வச்சிட்டு, என் தோள்பட்டையைப் பெருவிரலால லேசா அழுத்தினார். வெடுக்குன்னு விலகிட்டேன். போன லீவுல நீங்க தோள்ல கை வச்சப்ப விலகினேனே, அதே மாதிரி. "மன்னிச்சிருங்க சார்"னேன்.

"எதுக்கும்மா மன்னிப்பு? இந்த நோய் இருந்தா யார் தொட்டாலும் வலிக்கும்"னார்.

அங்கயே அழுதுட்டேன். பேரு ஃபைப்ரோமயால்ஜியாவாம். ஸ்கேன்ல தெரியாதாம், உயிருக்கு ஒண்ணும் பண்ணாதாம். மாத்திரை, நடை, தூக்கம்னு மெல்ல மெல்லத்தான் குறையுமாம். எம்புட்டு நாளானாலும் ஆகட்டும்னு பஸ்ல சிரிச்சுக்கிட்டே வந்தேன்.

போன லீவுல நான் விலகின அன்னைக்கு நீங்க தலையணையை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனீங்க. மிச்சம் இருந்த பதினோரு நாளும் அங்கயே படுத்தீங்க. நானும் ஏன் விலகினேன்னு சொல்லலை. எனக்கே காரணம் தெரியலையே.

அடுத்த லீவுக்கு மாடிக்குப் போக வேண்டாம். கையை மட்டும் பிடிங்க. மெதுவா.

உங்க வீட்டுக்காரி