நடந்து போன சங்கு

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

மனைவி செல்லம்மாவின் கண்ணை டாக்டரிடம் காட்டப் பட்டணம் வந்து, கடற்கரைக்குப் பக்கத்தில் நாள் வாடகை வீட்டில் தங்கியிருக்கிறோம். அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கின்றன. நாங்களே சமைத்துக்கொள்கிறோம்.

இன்று காலைதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். காலடியில் ஒரு சின்னச் சங்கு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நாற்பது வருடம் உடைத்தேனே, அந்தக் கல்லுக்குள் கல்லாகவே கிடக்கும் சங்கின் அதே சுருள். வீட்டுக்குக் கொண்டுவந்து, மண் போகக் கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்துப் போட்டேன்.

“ஏங்க, உங்க கல்லு கால நீட்டுதுங்க!” என்று கத்தினாள் செல்லம்மா.

உள்ளே ஒரு நண்டு. சிரித்துக்கொண்டே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கால்கள் துவண்டுவிட்டன.

“உப்புத்தண்ணி உசுரு அது. நல்ல தண்ணியில போட்டுக் கொல்றீங்களே! எடுத்த எடத்துலயே வுட்டுட்டு வாங்க, ஓடுங்க.”

கிண்ணத்தோடு மூன்று மாடி இறங்கி ஓடினேன். ஈர மணலில் வைத்தேன். ஓர் அலை வந்து போனது; அசையவில்லை. அடுத்த அலை வடிந்ததும் ஒரு கால் எட்டிப் பார்த்தது. பிறகு சங்கைத் தூக்கிக்கொண்டு அது நடந்தே போய்விட்டது. கும்பிட்டேன்.

“பொழச்சிடுச்சு,” என்றேன் வந்து.

“சரி, வூட்டுக்காரங்க கிண்ணம் எங்க?”

கடற்கரையிலேயே விட்டுவிட்டேன்.

எழுத்துக் கூட்டி எழுதி இதுவரை வந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. நான் உடைத்த கல்லுக்குள் இருந்த சங்குகளும் ஒரு காலத்தில் கடலில் நடந்தவைதானே? அப்படியானால் இன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன் என்று மேலே எழுதியது தப்பு. நாற்பது வருடம் கடலுக்குள்தான் வேலை பார்த்திருக்கிறேன்.