சுவரில் நான் எழுதிய தேதி

இன்று காலை திருத்தங்கலில் ஒரு வீட்டு வேலைக்குப் போயிருந்தேன். நேற்று எழுப்பிய சுவரின் மேல் சாக்குகளைத் தொங்கவிட்டுத் தண்ணீர் அடிக்கச் சொன்னார்கள். சாக்கு நனைந்ததும் அந்த வாசனை எழுந்தது. சணலும் சிமென்ட்டும் சேர்ந்து இளவெயிலில் புழுங்குகிற வாசனை. குழாயைக் கீழே போட்டுவிட்டு மணல் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கூட வேலை பார்க்கிற அக்கா வந்து, காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போதும் நான் அப்படித்தான் இருக்கிறேன். பேச வேண்டிய இடத்தில் தலையை ஆட்டுகிறேன். நீ இருந்தவரை எனக்கும் சேர்த்து நீயே பேசிவிடுவாய்.

ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மாவுக்கு இடுப்பு முடியாமல் போனதால் அவள் இடத்தில் நான் சித்தாள் வேலைக்குப் போனேன். மேஸ்திரி, அம்மாவின் தம்பி. மாமா என்பதால் வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் புது அறைகள் கட்டும் வேலை. முதல் நாள் கம்பெனி வேனில் ஏறியபோது, இது வெடி வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான், இறங்கு என்றார் டிரைவர். நான் இறங்கப் போனேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"அண்ணாச்சி, இவ எம்புட்டு எடத்தப் புடிச்சிருவா? கோழிக்குஞ்சு கணக்கா இருக்கா. என் மடியில வச்சுக்கிடுதேன், நீங்க வண்டிய எடுங்க."

வேன் முழுக்கச் சிரித்தது. ஒரே தெருவில் இருந்தும் அதுவரை நாம் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வெள்ளைச் சுடிதாரில் உன் அம்மாவோடு கோயிலுக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்று திருத்தங்கல் தாண்டும்வரை உன் மடியில்தான் உட்கார்ந்து வந்தேன். உன் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. என்னவென்று கேட்கவும் எனக்குக் கூச்சம். நீயே சொன்னாய், சின்ன வயதிலிருந்தே இளைப்பு என்று.

நான் அதுவரை சுவர் என்றால் வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு என்றுதான் நினைத்திருந்தேன். கம்பெனிக்குப் போன பிறகுதான், வெடியை வாங்கிக்கொள்ளவும் சுவர் கட்டுவார்கள் என்று தெரிந்தது. ஒவ்வொரு அறையும் தனித்தனியாக, தள்ளித்தள்ளி நிற்கும். கதவுகள் எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கும். கூரை லேசாக இருக்கும், வெடித்தால் வேகம் மேலே போய்விட வேண்டும் என்பதற்காக. மருந்து கலக்கும் அறைக்கும் நீ பூச்சட்டிக்கு மருந்து செலுத்திய அறைக்கும் நடுவில் நாங்கள் ஒரு தடுப்புச் சுவர் கட்டினோம். கனமான செங்கல் சுவர், இடையிடையே கான்கிரீட் தூண்கள். கலக்கும் அறையில் ஏதாவது ஆனால், அந்தச் சுவர் அதைத் தன் மேல் வாங்கி உங்கள் பக்கம் விடாமல் நிறுத்த வேண்டும்.

அந்தச் சுவர் ஒரே மூச்சில் எழவில்லை. கிழக்குப் பாதியை முதலில் முடித்து, சிமென்ட் இறுகிப் பலம் பிடிக்கச் சாக்குப் போட்டு இரண்டு வாரம் நனைத்தோம். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். பிறகு சிமென்ட் லோடு வர நாளாகிவிட்டது. மேற்குப் பாதியை எழுப்பும்போது சீசன் உச்சத்தில் இருந்தது. போர்வெல்லில் தண்ணீர் வற்றிவிட்டது. வாங்கிய ஒரு லாரித் தண்ணீரையும் மாமா தன்னுடைய வேறொரு வேலைக்குத் திருப்பிவிட்டார். மேற்குப் பாதிக்கு மூன்று நாள்தான் நனைப்பு கிடைத்தது. நான்காம் நாள் சாக்கு காய்ந்து விறைத்துப்போய்க் கிடந்தது. விரலால் தூணைச் சுரண்டினேன். மாவு மாதிரி வந்தது.

கட்டிய தேதியைச் சுவரிலேயே எழுதிவைப்பது எங்கள் வேலையில் வழக்கம். எத்தனை நாள் நனைத்தோம் என்று யார் வந்தாலும் கணக்குப் பார்க்கலாம். எங்கள் ஆட்களில் என் கையெழுத்துத்தான் அழகு என்பதால் காவியும் பிரஷும் எப்போதும் என்னிடம் வரும். எனக்கு அதில் பெருமை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட குறையை அந்தச் சின்ன எழுத்து கொஞ்சம் தீர்த்தது. சோதனைக்கு இன்ஜினியர் வருவதற்கு முந்தின நாள், மேற்குப் பாதிக்கும் கிழக்கின் தேதியையே போடச் சொன்னார் மாமா. நான் பிரஷைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எழுது தாயி, ஒரே சுவருதானே" என்றார். எழுதினேன். வழக்கத்தைவிட அழகாகவே எழுதினேன்.

மறுநாள் வந்த இன்ஜினியர் ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். பார்க்கக் குட்டை உலக்கை போல இருக்கும். தூணில் வைத்து அழுத்தினால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் டக்கென்று அடித்துத் திரும்பும். எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்பதை வைத்துத் தூணின் பலத்தைக் கண்டுபிடிப்பார்களாம். கிழக்குப் பக்கத் தூண்களில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார், திருப்தியாகக் குறித்துக்கொண்டார். பிறகு மேற்குப் பக்கம் வந்து என் எழுத்தைப் படித்தார். வெயிலுக்குக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, சுண்ணாம்பு வாளியோடு நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார், ரெண்டும் ஒரே நாள் வேலையா என்று.

என்னைத்தான் கேட்டார். நான் வாளியைப் பார்த்தேன். எனக்குப் பின்னாலிருந்து மாமா, "ஆமா சார், ஒரே நாளு" என்றார். மேற்குத் தூண்களில் கருவியை வைக்காமலே இன்ஜினியர் பேனாவை மூடினார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நீ வந்தாய். அலுமினியப் பொடி படிந்து உன் கை முழங்கைவரை வெள்ளியாக மின்னியது. தேதியை மட்டும் விட்டுப் புதுச் சுண்ணாம்பு அடித்த மேற்குப் பாதியில், எருமையைத் தட்டுவது போல ஓங்கித் தட்டினாய்.

"ஏட்டி, ஒஞ் சுவரு தாங்குமா?"

நான் சிரித்தேன். நீ விடவில்லை. சத்தம் கேட்டால் வேப்பமரம்வரை ஓட வேண்டும் என்று போர்மேன் பழக்கம் கொடுத்தபோதெல்லாம் நீதான் கடைசியாக வந்து சேர்ந்தாய் என்றும், பாதி வழியிலேயே மூச்சு முட்டிவிடுகிறது என்றும் சொன்னாய். போர்மேன் உன்னை ஆமை என்று கூப்பிடுவதையும் சொன்னாய். அதைச் சொல்லும்போது மட்டும் நீ சிரிக்கவில்லை.

"வெளையாட்டுக்குக் கேக்கலட்டி. வெடிச்சா நான் இங்கன வந்து நின்னுக்கிடவா?"

"தாங்கும்," என்றேன்.

ஒரே சொல். மற்ற எந்தக் கேள்விக்கும் தலையாட்டுகிறவள் அதற்கு மட்டும் வாயைத் திறந்து பதில் சொன்னேன். மாமா இரண்டு தூண் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பயந்து சொன்னேனா, என் எழுத்தின் மேல் இருந்த பெருமையில் சொன்னேனா, இல்லை, நீ சந்தோஷப்பட வேண்டும் என்று சொன்னேனா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். நீ சந்தோஷப்பட்டாய். இனி ஆமை ஓட வேண்டாம் என்றாய். நீ போன பிறகு சுவரில் உன் உள்ளங்கை வெள்ளியாகப் பதிந்திருந்தது, ஐந்து விரலும் தெளிவாக. சுத்தமாக இருக்க வேண்டுமே என்று அதன் மேல் மறுபடியும் சுண்ணாம்பு அடித்தேன்.

மூன்று வாரம் கழித்து அது நடந்தது. கம்பெனியின் தெற்கு மூலையில் நான் செங்கல் சுமந்துகொண்டிருந்தேன். முதலில் மருந்து கலக்கும் அறையில் சின்னச் சத்தம், புஸ்ஸென்று. உங்கள் அறையிலிருந்து எல்லோரும் வெளியே வந்தீர்கள். மற்றவர்கள் வேப்பமரத்தைப் பார்த்து ஓடினார்கள். நீ கொஞ்ச தூரம் ஓடினாய். நின்றாய். நெஞ்சில் கை வைத்தாய். பிறகு திரும்பி, அவசரமே இல்லாமல், சுவரின் மேற்குப் பாதிக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாய். நான் கத்தியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போதுதான் பெரிய சத்தம் வந்தது.

கூரை மேலே போனது, அது போக வேண்டியபடியே. கிழக்குப் பாதி நின்றது, ஒரு விரிசல்கூட இல்லை. மேற்குப் பாதி படுத்துவிட்டது. புகை அடங்கிய பிறகு ஓடிப்போய்ப் பார்த்தபோது, பெயர்ந்து கிடந்த துண்டுகளில் ஒன்று வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அதில் என் எழுத்து அழியாமல் இருந்தது. மற்ற துண்டுகளை ஆண்கள் கடப்பாரையால் நெம்பி எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு எந்தச் சுவரின் அருகில் போனாலும் தட்டுகிற சத்தம் கேட்கிறது. உள்ளங்கையால் ஓங்கித் தட்டும் சத்தம், இரண்டு முறை. எங்கள் வீட்டுச் சுவரில், டீக்கடைச் சுவரில், பஸ் ஸ்டாண்டில். யாரும் இருக்க மாட்டார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரைக் கண்டால் அதற்கு அடியில் ஐந்து விரல் இருக்கிறது என்று தோன்றுகிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். ஓடியவர்கள் எல்லாம் பிழைத்தார்கள், அந்தப் பிள்ளை பயந்துபோய் நின்றுவிட்டது என்றார்கள். போர்மேன் உன் சாவு வீட்டிலேயே அதைச் சொன்னார். நான் கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு மறுபடியும் போகத் தொடங்கிவிட்டார்கள். உன் பழைய இன்ஹேலர் இன்னும் ஜன்னலில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்:

"நான்தாம்மா அவளக் கொன்னேன். ஓடாத, மூச்சு வாங்கும், ஓடாதன்னு சொல்லிச் சொல்லியே வளத்தேன். ஓட வேண்டிய அன்னைக்கும் எம் பேச்சக் கேட்டுட்டா."

மாமா முகமும் என் அம்மாவின் முகமும் வந்து போயின. பிறகு சொல்லிவிட்டேன். மூன்று நாள் நனைப்பு, தேதி, இன்ஜினியர் கேட்டது, நீ கேட்டது, நான் சொன்னது. என் வாழ்க்கையில் ஒரே நேரத்தில் அவ்வளவு பேசியதில்லை.

உன் அம்மா கேட்டார்கள், "அப்ப அவ பயந்து நிக்கலயா?"

"இல்ல பெரியம்மா. என்னை நம்பித்தான் நின்னா."

என்னை அடிக்கவில்லை. அழவும் இல்லை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, பாதி டீயைக் கொட்டிவிட்டுக் கழுவி வைத்தார்கள். எனக்கு முதுகைக் காட்டியபடியே, தாலுகா ஆபீஸில் நடக்கப்போகும் விபத்து விசாரணையில் இதைச் சொல்வாயா என்றார்கள். சொல்கிறேன் என்றேன். வாசல்வரை வந்தேன். போய்வா என்று அவர்கள் சொல்லவில்லை.

மாமாவிடமும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று தோன்றியது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"போய்ச் சொல்லு தாயி. ஆனா சுவத்துல இருக்கது ஒன் எழுத்து. என் எழுத்து எங்கன இருக்கு?"

அவர் சொன்னது உண்மைதான். மறுநாளிலிருந்து அவரிடம் எனக்கு வேலை இல்லை. அதனால்தான் இப்போது திருத்தங்கலில் வேறு ஆட்களோடு இருக்கிறேன். அம்மா என்னோடு பேசி நான்கு நாளாகிறது.

விசாரணை நாளைக்கு. பெரிய மேஜைக்குப் பின்னால் அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள், மாமாவும் போர்மேனும் இருப்பார்கள், பேசு என்பார்கள். சாயங்காலத்திலிருந்து வீட்டுப் பின்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகினேன். அந்தத் தேதியை எழுதியது நான், அது பொய்யான தேதி. அந்த வாக்கியம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னை என்ன செய்வார்களோ, அதை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் அவர்களுக்குச் சொல்வது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதை நான் இன்னும் சொல்லவில்லை. வேலைக்கு நடக்கும்போதும் சோறு பிசையும்போதும் அதுதான் நாக்கில் நிற்கிறது. நீ அந்தச் சுவரைத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாய். மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இந்த முறை நான் வாளியைக் கீழே வைக்கிறேன்.

தாங்காதுட்டி. மூணு நாள்தான் தண்ணி விட்டோம். மூச்சு முட்டுனாலும் பரவால்ல, நீ ஓடு.