வடவாயில் இன்னும் வருக என்று சொல்லவில்லை

மதிலின் நிழல் அகழியைக் கடந்து புளியமரத்தின் வேரைத் தொட்ட வேளையில் எழுதிய ஓலை.

மருதவெளி நாட்டின் காவலர், ஈராற்று நீருக்கும் உரியவர், குறைத்துக் கொடுத்தறியாத கையினர், மன்னர் நன்னாகனார் திருமுன் வடவாயில் அமைச்சன் அழிசி வணங்கி எழுதுவது. தங்கள் வயல்கள் விளைக. தங்கள் அரியணை நிலைபெறுக. தலைநகரின் தெருக்களில் நோயும் அச்சமும் நுழையாதிருக்க. மற்ற வாழ்த்துகளை இன்று நிறுத்திக்கொள்கிறேன். பொழுது இல்லை.

செய்தி இது. எட்டு ஆண்டு உவர்மலை நாட்டில் பிணையாக இருந்த தங்கள் மகனார், இளவரசர் எழினி, இன்று காலை முதல் வடவாயிலுக்கு வெளியே நிற்கிறார். அவரை அழைத்து வந்தவர் உவர்மலையின் பெண் தூதர் நச்செள்ளையார். கதவு திறந்திருக்கிறது. பாலம் இறங்கியிருக்கிறது. ஆயினும் இளவரசர் உள்ளே வர முடியவில்லை. வாயிற்பொறி இன்னும் 'வருக' என்று சொல்லவில்லை.

உடன்படிக்கையைத் தாங்கள் அறிவீர்கள். இவ்வோலை அவையில் படிக்கப்படும் என்பதால் அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். முன்பு இவ்வாயிலில் நின்ற காவலன் ஒருவன் உவர்மலைத் தூதரை வருக என்று அழைத்தான். அவன் குரலில் ஏளனம் இருந்தது என்றார்கள் அவர்கள். இல்லை என்றோம் நாம். அதன்பொருட்டு இரு நாட்டு வயல்களும் எரிந்தன. போர் ஓய்ந்தபோது இளவரசர் பிணையாகப் போனார். இரு அரசரும் மற்றொன்றையும் ஒப்பினர். இனி அவ்வாயிலில் மனித வாய் வரவேற்கலாகாது. வெண்கலத் தொண்டை ஒன்று சொல்லட்டும். அதற்கு ஏளனம் தெரியாது. அது சொல்லும்வரை உள்ளே இருப்பவர் எவரும் வெளியே நிற்பவரோடு ஒரு சொல்லும் பேசலாகாது. கதிர் மறையுமுன் அது சொல்லாவிடில் வந்தவரை நாம் மறுத்ததாகப் பொருள். மறுக்கப்பட்ட பிணை வந்த வழியே திரும்பிப் போகும். மறுபடியும் எட்டு ஆண்டு.

பொறியின் அமைப்பு எளியது. அகழி நீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் துருத்தியை ஊதும். அக்காற்று தொண்டையில் எந்த ஒலியாக வரவேண்டும் என்பதை ஒரு பனையோலையில் இட்ட துளைகள் முடிவு செய்யும். துளையிட்ட அவ்வோலைக்கு நிரல் என்று பெயர். முதல் நிரலில் மூன்று துளைகள் இருந்தன. ஒன்று வ. ஒன்று ரு. ஒன்று க. கயிற்றை இழுத்தால் பொறி 'வருக' என்றது. வேறெதுவும் அதற்குத் தெரியாது.

ஓர் அரசின் தலைவாயிலில் மூன்று துளை ஓலை கிடப்பது பெருமை அன்று என்று நிரலாளர் மன்றத்தார் சென்ற ஆண்டு தங்கள் அவையில் விண்ணப்பித்தார்கள். அரசர் இசைந்தருளினார். இன்று பொறிக்கூடத்தில் நடக்க இடமில்லை. சுவரெங்கும் ஓலைக்கட்டுகள். வந்திருப்பவர் எவ்வகையினர் என்று ஒரு கட்டு முடிவு செய்யும். அவ்வகையினரை வரவேற்கத்தான் வேண்டுமா என்று வேறொரு கட்டு ஆராயும். இவ்விரண்டும் ஒன்றையொன்று நேரில் அறியலாகாது என்பது மன்றத்தின் நெறியாதலால், இதன் சொல்லை அதற்கு எடுத்துச் செல்ல இடையில் ஒரு கட்டு நிற்கும். 'வ' என்னும் ஒலியை ஆக்க ஒரு கட்டு உண்டு. அக்கட்டை ஆக்கவும் ஒரு கட்டு உண்டு. அதைக் கண்டபோது மன்றத் தலைவர் கண்ணங்கூத்தனாரிடம் காரணம் கேட்டேன். நடந்த பேச்சைப் பேசியபடியே தருகிறேன். அவைமொழிக்கு மாற்ற நேரமில்லை.

"நாளைக்கே அரசர் வேற எழுத்துல ஆரம்பிக்கணும்னு சொன்னா என்ன செய்வீங்க, அமைச்சரே?" என்றார்.

"வருகங்கிற சொல்லு வேற எழுத்துல ஆரம்பிக்காதே."

"ஆரம்பிக்காதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

நான் எழுதிக் கொடுக்கவில்லை.

இன்று காலை இளவரசர் பாலத்தின் முனையில் வந்து நின்றார். உயரமாக வளர்ந்திருக்கிறார். நடையில் தங்கள் தந்தையாரைக் கண்டேன். காவலர் கயிற்றை இழுத்தனர். துருத்தி ஊதியது. தொண்டை பேசவில்லை. கூடத்துக்குள் ஓடினேன். மன்றத்தார் முதற்கட்டின் முன் குழுமி நின்றார்கள். வந்தவரின் வகையை அது கேட்டுக்கொண்டிருந்தது. விருந்தினர், தூதர், வணிகர், பகைவர், திங்களிலிருந்து இறங்குவோர் என ஐந்து வகைகள் அதில் உள்ளன.

"நம்ம வீட்டுப் பிள்ளை திரும்பி வந்தா எந்த வகை?" என்று கேட்டேன்.

"அப்படி ஒண்ணு வேணும்னு யாரும் கேட்கலையே. திங்கள்காரங்களைப் பத்தி அவையில ஒருத்தர் கேட்டாரு. அதனால சேர்த்தோம்."

"இப்ப சேருங்க, கூத்தனாரே."

"சேர்க்கறது ஒண்ணும் பெரிசில்லை. சேர்த்துட்டோம்னு மத்த கட்டுகளுக்குத் தெரியப்படுத்தணும். நாளைக்கு மதியம் ஆயிடும்."

இருக்கும் வகைகளில் ஒன்றைக் கொண்டு ஒப்பேற்றுவோம் என்று இருவரும் இசைந்தோம். விருந்தினர் என்று பதிந்தோம். எந்நாளில் திரும்பிப் போவார் என்று பொறி கேட்டது. அந்த இடத்தில் ஒரு நாளைக் குறிக்க என் கை எழவில்லை. தூதர் என்று பதிந்தோம். அனுப்பிய அரசரின் முத்திரையைக் கேட்டது. இளவரசரை அனுப்பிய அரசர் யார்? எட்டு ஆண்டுக்கு முன் அனுப்பியவர் தாங்கள். இன்று அனுப்பியவர் உவர்மலையார். மன்றத்தார் அதைப் பற்றி வாதிடத் தொடங்கினார்கள். கதிர் உச்சிக்கு வந்தது. வாதத்தை நிறுத்தி, வணிகர் என்று பதியச் சொன்னேன்.

பொறி முதன்முறையாக வாய் திறந்தது. "சுங்கம்" என்றது.

வெளியே இளவரசர் சிரித்தார்.

"என்கிட்ட என்ன இருக்கு? இந்த அம்மா போர்த்திவிட்ட துண்டு ஒண்ணுதான். அதுக்கும் வரியா?"

"ஏப்பா, உங்க ஊர்க் கதவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார் நச்செள்ளையார். "சுக்கு வேணும்னா சொல்லச் சொல்லு. எங்க மூட்டையில கிடக்கு."

மதில்மேல் நின்ற காவலர் சிலர் சிரிப்பை அடக்கத் தலைகுனிந்தார்கள். எவரும் மறுமொழி சொல்லவில்லை. அதுவரை வெளியே கோபம் இல்லை என்பதை அரசர் அறிய வேண்டும். அதன்பின் நேர்ந்ததற்கு நானும் உடன்பட்டேன் என்பதையும்.

ஐந்து வகைகளில் பகைவர் என்னும் வகைக்கு மட்டும் கேள்விகள் இல்லை என்பதைக் கண்ணங்கூத்தனார் கண்டுபிடித்தார். பகைவரிடம் எதைக் கேட்பது என்று மன்றத்தார் அன்று அதை வெறுமையாக விட்டிருந்தார்கள். கேள்வி இல்லையெனில் தடை இல்லை. தடை இல்லையெனில் நிரல் நேரே இறுதிக்குப் போகும். இறுதியில் 'வருக' இருக்கிறது. இதில் பிழை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. பதிந்தோம்.

நிரல் நேரே போகவில்லை. பகைவர் வந்தால் மதில்மேல் உள்ள எண்ணெய்க் கொப்பரைகளையும் இப்பொறியே சாய்க்கும்படி மழைக்காலத்தில் இணைத்திருந்தார்கள். அதை வாயிலோர் எவருக்கும் சொல்லவில்லை. முதற்கொப்பரை சாய்ந்தது. அடியில் நெருப்பு இல்லாததால் எண்ணெய் குளிர்ந்திருந்தது. பாலத்தின் பாதிவரை வழிந்தது. தூதரின் குதிரை மிரண்டு சறுக்கி விழுந்தது. இளவரசர் அவரைப் பிடித்து நிறுத்தினார். இரண்டாம் கொப்பரையைக் காவலர் தோள்கொடுத்துத் தடுத்தார்கள்.

நச்செள்ளையார் அதன்பின் வேடிக்கையாகப் பேசவில்லை. நிமிர்ந்து நின்று, ஆடையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, கதவைப் பார்த்துச் சொன்னார்.

"எத்தனையோ வாசல்ல நின்னிருக்கேன். எண்ணெய் ஊத்துன வாசல் இதுதான். சண்டைக்கு வரலை, பிள்ளையைக் கொண்டாந்தேன். பொழுது இறங்குற வரைக்கும் நிப்பேன். அதுக்கப்புறம் இவன் எங்க பிள்ளை."

இளவரசர் பாலத்தின் ஓரத்தில் அமர்ந்தார்.

நான் கூடத்துக்குத் திரும்பி, எல்லாக் கட்டுகளையும் எடுத்துவிட்டு மூன்று துளை ஓலை ஒன்றை இடும்படி சொன்னேன். பழைய ஓலை எங்கே என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் அடியில் அதுவே இருக்கிறது என்றும், மற்றவை யாவும் இறுதியில் அதையே அழைக்கும் என்றும், அதை உருவினால் கூடத்திலுள்ள யாவும் சரியும் என்றும் கண்ணங்கூத்தனார் சொன்னார். அப்படியானால் புதிதாக ஒன்றைத் துளையிடுவோம் என்றேன். அவர் சட்ட ஓலையை எடுத்துக் காட்டினார். சோதிக்காத நிரலைப் பொறியில் இடுபவர் எவராயினும் நாடு நீங்குக. கீழே தங்கள் முத்திரை.

"அப்ப சோதிச்சிடுங்க," என்றேன்.

"சோதிக்கணும்னா வெளிய ஒருத்தர் வந்து நிக்கணும். நிக்கிறது இளவரசர். அவரை வெச்சுச் சோதிச்சா அது சோதனையா?"

"மூணு துளைதானே ஐயா."

"மூணு துளையில என்னென்ன தப்பு நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு கட்டு எழுதிக்கிட்டிருக்கோம்."

கண்ணங்கூத்தனார் தீயவர் அல்லர். காலையிலிருந்து அவர் நீரும் அருந்தவில்லை. கொப்பரை சாய்ந்தபோது முதலில் அலறியவர் அவர். இளவரசர் உள்ளே வரவேண்டும் என்னும் விருப்பம் அவருக்கு என்னினும் குறைந்ததன்று. அவரால் மூன்று துளைகளை நம்ப முடியவில்லை. அவ்வளவே. அவர் அஞ்சுவதிலும் ஒரு நியாயம் உண்டு என்பதை நான் மறைக்கலாகாது. துளை சிறிது பிசகினால் ஒலி இழுபடும். இழுபட்ட வருக ஏளனமாகக் கேட்கும். ஏளனமாகக் கேட்டால் என்ன நேரும் என்பதை எரிந்த வயல்கள் சொல்லும்.

ஆயினும் பேசாத வாயில் நிச்சயமாக இளவரசரைத் திருப்பி அனுப்பும். பேசும் வாயில் ஒருவேளை அனுப்பாது.

இவ்வோலை தங்கள் திருக்கையை அடையும்போது கதிர் மறைந்திருக்கும். ஆதலால் இதை இசைவு வேண்டி எழுதவில்லை. வடவாயிலின் மீது தாங்கள் எனக்கு அளித்த அதிகாரம் முழுவதையும் கொண்டு நான் இட்ட ஆணையைத் தெரிவிக்கவே எழுதுகிறேன். மன்றத்தார் யாவரும் கூடத்தை விட்டு வெளியேறுக. கொப்பரைகளைப் பொறியோடு கட்டிய சங்கிலியை அறுக்க. ஓலைக்கட்டுகளைத் தொண்டையிலிருந்து பிரித்து, கிழிக்காமல், நனைக்காமல், வெளியே அடுக்குக. அழிசி தன் கையால் துளையிட்ட ஒற்றை ஓலையைத் தன் கையால் பொறியில் இடுவான். கயிற்றையும் அவனே இழுப்பான். காவலர் எவருக்கும் இதில் பங்கில்லை. எவரையும் இதன்பொருட்டு வினவலாகாது.

மன்றத்தார் இதனை முறையிட்டுத் தங்களுக்கு எழுதுவார்கள். அவர்களுடைய ஓலை இன்னும் புறப்படவில்லை. அவ்வோலையைப் படிக்கும் முறையை விளக்கும் ஓலையை முதலில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வரும்போது அதையும் படித்தருள்க. அவர்களைத் தண்டிக்க வேண்டாம். வாயிலிலிருந்து தொலைவில் வேறு பணி தருக.

சட்டம் சட்டமே. இளவரசர் இவ்வாயிலின் வழியே உள்ளே வந்தால், அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு இதே வாயிலின் வழியே நான் வெளியேறுவேன். எனக்காக எவரும் மன்றாட வேண்டாம். வராவிடில் தண்டனையைத் தாங்களே முடிவு செய்க. நான் எங்கும் போகாமல் இங்கேயே இருப்பேன்.

புதிய ஓலையைத் துளையிட்டு முடித்தேன். வ சரியாக வந்தது. ரு சரியாக வந்தது. க-வின் துளை சற்றே பெரிது. வேறு ஓலை பதப்படுத்த நேரமில்லை. பொறி அதை எப்படி ஒலிக்கும் என்று அறியேன்.

ஈராறும் வற்றாதிருக்க. அரசர் உறங்கும் இரவுகள் பெருகுக. வடவாயிலின் மீன் முத்திரையை அரக்கில் அழுத்தி, குதிரைவீரன் கையில் தருகிறேன். இதை இடைவழியில் எவரும் பிரிக்கலாகாது. பிரித்தவர் அரசரின் பகைவர் ஆவார்.

முத்திரை இட்டபின் புறத்தே எழுதிய வரி: சற்றுமுன் இளவரசர் எழுந்து வந்து, எண்ணெய் படியாத இடமாகப் பார்த்து நின்று, கதவை நோக்கி ஒன்று கேட்டார். உடன்படிக்கையின்படி உள்ளே எவரும் வாய் திறக்கவில்லை. அவர் கேட்டது இது.

"நான் வந்திருக்கேன்னு அப்பாவுக்குச் சொல்லியாச்சா?"