ரித்திகாவின் தோழிக்கு ராகிக் களி

ரித்திகா கண்ணு,

நானும் அம்மாவும் ஆனைமலைக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டோம். நானே ராகிக் களி கிண்டி வைத்திருக்கிறேன். கீரைக் கடைசலை மட்டும் சூடு பண்ணிக்கொள். உன்னோடு படிக்கிற உகாண்டாப் பெண் கெமிகிஷா மத்தியானம் சாப்பிட வருவாள். நேற்று நான்தான் கூப்பிட்டேன்.

உன்னைக் கூட்டிப்போகப் பீளமேட்டுக்கு வந்து காலேஜ் வாசலில் நின்றிருந்தேன். நீ வெளியே வருவதற்குள் அவளாகவே வந்து, "ஏனுங்க, ரித்திகா அப்பாங்களா?" என்றாள். உன்னிடம் கற்றுக்கொண்ட தமிழாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சு சாப்பாட்டுக்குப் போனது. அவர்கள் ஊரிலும் ராகிக் களிதானாம். "ராகியே எங்க பக்கமிருந்துதான் இங்க வந்துச்சுங்க. ரித்திகாதான் கிளாஸ்ல அதைப் பத்தி அழகாப் பேசுனா" என்றாள்.

துணைப் பாடமாக ஆப்பிரிக்க வரலாறு எதற்கு, கம்ப்யூட்டர் எடு என்று திங்கட்கிழமை கத்திப்போட்டேன். மாற்ற வேண்டாம், அம்மணி. அதையே படி. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

வண்டிச் சாவி டிவி பக்கத்தில் இருக்கிறது. பஸ் ஸ்டாப்புக்குப் போய் அவளைக் கூட்டி வா.

அப்பா

நாங்கள் வரும்வரை அவளை அனுப்பிவிடாதே. நீ கிளாஸில் பேசியதை எங்களுக்கும் ஒருதரம் சொல்லு. நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.